பஞ்சு சார் முத்திரை குத்திய கோஷம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எதிரணியைத் திட்ட வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதை மாணவர் நலத்துறையில் ஒருவர் படித்து, திருத்தி, முத்திரை குத்திக் கொடுப்பார். அதற்குப் பிறகு தொண்டை கிழியக் கத்தலாம். திருத்தியபின் அதில் திட்டு எதுவும் மிஞ்சியிருக்காது என்பது வேறு விஷயம்.

இது துறவிகள் நடத்தும் பல்கலைக்கழகம். தொடங்கி வைத்த பெரிய சாமி, பிரார்த்தனை மண்டபத்தில் சொல்லக் கூசுகிற எதையும் மைதானத்திலும் மேடையிலும் சொல்லக் கூடாது என்று ஒரு விதி எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். விதி எழுதுகிறவர்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதை வைத்துக்கொண்டு கால்பந்துப் போட்டி நடத்துகிற பாடு எங்களுக்கல்லவா தெரியும்.

முத்திரை குத்துகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பஞ்சு. கல்லைக் கொடுத்தால் பஞ்சாக்கித் திருப்பித் தருவார் என்பதால். பெயர் எவ்வளவு தூரம் நிலைத்துவிட்டதென்றால், துணைவேந்தர் சாமியே ஒரு கூட்டத்தில், "இத நம்ம பஞ்சுகிட்ட காட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். பஞ்சு சார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. விடுதியில் அறை ஒதுக்குவது என் வேலை. நாள் முழுக்க யாருக்காவது இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவரிடம் முத்திரைக்குப் போனால் தேறாது.

"அடிச்சு நொறுக்கு" என்று அவர் மேஜைக்கு வரும். "அழகாக ஆடு" என்று திரும்பிப் போகும். "மண்ணைக் கவ்வ வைப்போம்" என்று ஒரு தடவை வந்தது. பேனாவை மூடிவைத்து அரைமணி நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் மண்ணுக்கு வருக" என்று போட்டார். கலை இரவில் பாடுகிற பாட்டுகளும் அவரிடம்தான் வரும். முத்தம் என்று இருந்த இடத்திலெல்லாம் வணக்கம் என்று மாற்றினார். அடுத்த வருடத்துக்குள் வளாகத்தில் எந்தப் பையனும் எந்தப் பெண்ணுக்கும் சாதாரணமாக ஒரு வணக்கம் சொல்ல முடியாமல் போயிற்று. தோட்டத்துப் பக்கம் ஒரு ஜோடி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததாக விடுதிக் காப்பாளர் அம்மா கோபமாக ஒரு புகார் எழுதி அனுப்பினார். சாமிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு மென்மையாகக் கத்தினால் எதிரணிக்கு நன்றாகத் தூக்கம் வருமே என்று நினைப்பீர்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து வரும் அணிகள் வசவுக்குப் பழகியவர்கள். அவர்கள் காதில் வசவு மழைத் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிடும். இங்கே வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு நாலாயிரம் பேர் ஒழுங்காக உட்கார்ந்து, ஒரே தாளத்தில் கை தட்டி, கோல்கீப்பரைப் பார்த்து,

"நின்னு நின்னு கால் வலிக்கும்,
நிழலுக்கு வாங்க கீப்பரே!"

என்று அன்பாகக் கூப்பிடுவார்கள். தொண்ணூறு நிமிடமும் கூப்பிடுவார்கள். போன வருடம் வந்த ஒரு கீப்பர் பாதி ஆட்டத்தில் அழுதேவிட்டாள். "திட்டுனா திருப்பித் திட்டலாம் மேடம். இவங்க கால் வலிக்குதான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். சொந்த மைதானத்தில் எங்கள் பெண்கள் அணி தோற்றே பல வருடமாகியிருந்தது. பயிற்சியாளருக்கு மாலை போட்டார்கள். பஞ்சு சாருக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

வீட்டிலும் அவர் இப்படித்தான் என்பதுதான் கதை.

அவருக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்து எது பறந்து வந்தாலும் பிடித்துவிடுவாள் என்று அவர் மனைவி சொல்வார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ஊசி போடுவது போலவே பேசுவார், சுருக்கென்று, நேராக. மகள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் அவள் அப்பாவிடம் வந்து, தான் கோல்கீப்பராக ஆடப்போவதாகவும், அதற்கு அவர் சம்மதமா இல்லையா என்றும் கேட்டிருக்கிறாள். இவர், "நல்ல விஷயம்தான்மா, உடம்புக்கும் நல்லது, அதே சமயம் படிப்புன்னும் ஒண்ணு இருக்கு, எதுக்கும் பார்ப்போம்" என்றிருக்கிறார்.

"ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ஏதாவது ஒண்ண சொல்லுங்கப்பா."

"ரெண்டுலயும் நல்லது இருக்கும்மா."

வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் இலவசமாக இடம் உண்டு. அவள் அதை வேண்டாமென்றுவிட்டு, பக்கத்து ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துகொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதை அவர் மனைவி என்னிடம் அப்படியே சொன்னார். "நீங்க என்ன திட்டினாக்கூட நான் சந்தோஷப்படுவேன்ப்பா. உங்க வாயிலேருந்து நேரா ஒரு வார்த்த வரட்டும், அன்னிக்கு நான் உங்ககிட்ட பேசறேன்."

பேசவில்லை. விடுமுறைக்கு வந்தாலும் அம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இந்த வருடம் பல்கலைக்கழகப் பெண்கள் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு எங்கள் அணியும் அவர்கள் அணியும் வந்து சேர்ந்தன. போட்டி எங்கள் மைதானத்தில். அவர்கள் கோல்கீப்பர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

மாணவர்களுக்கு அது தெரியாது. கோஷத் தலைவியாக இருந்த பெண், தத்துவம் படிக்கிறவள், குரலில் மட்டும் தத்துவம் கிடையாது, வழக்கம்போலத் தாளை நீட்டினாள். கீப்பருக்கென்று எழுதியிருந்தது இது: "கையா அது சல்லடையா? கண்ணா அது பொத்தலா?" பஞ்சு சார் வாங்கி வைத்துக்கொண்டார். பொதுவாக அன்று சாயங்காலமே கொடுத்துவிடுவார். மறுநாளும் தாள் மேஜையில் அப்படியே கிடந்தது. அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இத வேற யாராவது பார்க்கட்டுமே. நான் வேணா திருத்தறேன். எனக்கு மென்மையா மாத்தத்தான் வராதா?"

"வேண்டாம் மேடம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் அவ ஆடறத பார்த்திருக்கேன்" என்றார்.

போன வருடத்திலிருந்து, லீவு நாளில் அவர்கள் அணிக்கு எங்கே போட்டி இருந்தாலும் பஸ் ஏறிப் போயிருக்கிறார். கோல் வலைக்குப் பின்னால், தள்ளி, மரமோ சுவரோ பார்த்து நிற்பாராம். அவளுக்குத் தெரியாது. மனைவியிடம்கூட, ஷூ ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு ஜோடி ஷூவை ஒரு வருடமாக ரிப்பேர் செய்த செருப்புக்கடைக்காரர் எங்கே இருக்கிறார் என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை.

"வலது பக்கம் வந்தா விடவே மாட்டா மேடம். இடது கைப் பக்கம்தான். ஒரு நொடி லேட்டாப் பாயறா. கால மாத்தி வைக்கறா. எல்லா கோலும் அங்கதான் வாங்கறா. அவங்க பயிற்சியாளர் கண்ணுக்கு ஏன் படலன்னே தெரியல."

"அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே சார்?"

"சொன்னேனே. மெசேஜ் அனுப்பினேன்."

"என்னன்னு?"

அவர் போனைத் தேடி எடுத்துக் காட்டினார். 'ஆட்டம் சிறப்பு என்று கேள்விப்பட்டேன். சில பக்கங்களில் இன்னும் கொஞ்சம் கவனம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.' அதற்குக் கீழே அவள், 'எந்தப் பக்கம்?' என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இவர் பதில். 'பொதுவாக.' அதோடு முடிந்தது.

நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். சில பேரைக் கயிறு போட்டுக் கிணற்றிலிருந்து தூக்கினாலும், கயிறு கையை உறுத்துகிறதா என்று நம்மைத்தான் விசாரிப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை, தாளைத் திருத்தி முத்திரை குத்திக் கோஷத் தலைவியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, மறுபடி படித்தாள். "சார், இது நாங்க எழுதினத விட மோசமா இருக்கே!" என்றாள். குரலில் அப்படியொரு ஆனந்தம்.

எட்டிப் பார்த்தேன். சல்லடையும் பொத்தலும் அடிக்கப்பட்டு, அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

"இடது கைப் பக்கம் லேட்டாப் போற,
எல்லாப் பந்தும் அங்கதான் வரும்!"

"உண்மைதானேம்மா. உண்மைய பிரார்த்தனை மண்டபத்துல சொல்லலாம். விதிப்படி சரி," என்றார் பஞ்சு சார். அவள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். இத்தனை வருடத்தில் அவர் மேஜையிலிருந்து எந்த மாணவரும் அவ்வளவு மகிழ்ச்சியாகப் போனதில்லை.

பெற்ற மகளின் பலவீனத்தை ஊரைக் கூட்டிக் கத்தச் சொல்லி முத்திரை குத்திக் கொடுக்கிற அப்பாவை நான் எங்கும் பார்த்ததில்லை. கேட்டும்விட்டேன். அவர் முத்திரைக் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஆபீஸ் தாள்ல எழுதறது சுலபமா இருக்கு மேடம். வாயில வரமாட்டேங்குது" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

போட்டி நாளன்று அவர் ஆபீஸில்தான் உட்காருவேன் என்றார். எங்கள் மைதானத்தில் நடக்கிற எந்தப் போட்டியையும் அவர் பார்ப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அனுமதித்தபடி கத்துகிறார்களா என்று காதால் சரிபார்ப்பார். நான் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "எந்தப் பக்க கேலரியில உக்காரறது மேடம்?" என்று வாசலில் நின்றுவிட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் இரண்டு கேலரிக்கும் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒழுக்கத்துறைச் சாமிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தேன்.

பெண் உள்ளே வந்தாள். அப்பா ஜாடை துளியும் இல்லை, நடையைத் தவிர. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் அணித்தலைவி ஒரு பந்தை அடித்தாள். போனது கீப்பரின் இடது கைப் பக்கம். கோல். கேலரி முறைப்படி மூன்று தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பித்தது.

"இடது கைப் பக்கம் லேட்டாப் போற!
எல்லாப் பந்தும் அங்கதான் வரும்!"

அவள் சட்டென்று திரும்பிக் கேலரியைப் பார்த்தாள். இந்த மைதானத்தில் கத்தப்படுகிற ஒவ்வொரு வார்த்தையும் யார் கைவழியாக வருகிறதென்று அந்த நாலாயிரம் பேரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முகம் சிவந்துவிட்டது. கையுறையை இறுக்கிக்கொண்டாள். எனக்கு எழுந்து போய்த் தொட்டியோரம் நின்ற மனிதரை நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. இடைவேளைவரை அதே கோஷம்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் களைப்பென்பதே கிடையாது.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. காலியான கோலுக்கு முன்னால் தனியாகப் போய் நின்று, இடது பக்கமாகப் பாய்ந்து பார்த்தாள். காலைப் பார்த்துக்கொண்டாள். மறுபடி பாய்ந்தாள்.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். அதன்பிறகு எங்கள் பெண்கள் அடித்த பந்தெல்லாம் இடது பக்கம். அவள் எல்லாவற்றையும் பிடித்தாள். ஒன்று, இன்னொன்று, விரல் நுனியால் தட்டிவிட்டது ஒன்று. அவள் இலேசாகத் தூங்கினாலும் நாலாயிரம் பேர் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கோல்கீப்பருக்கு இவ்வளவு பெரிய பயிற்சிக்குழு உலகத்தில் எங்கும் கிடைத்திருக்காது.

முதலில் விளங்கிக்கொண்டது கோஷத் தலைவிதான். தொண்டை கட்டிப்போன குரலோடு தொட்டிக்கு ஓடி வந்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.

"சார், வேற ஏதாவது கோஷம் குடுங்க சார்! இது அவளுக்கு உதவி பண்ணுது!"

"எழுதிக் குடும்மா. மூணு நாள் ஆகும்."

"அப்ப கத்தாம இருக்கலாமா?"

"விருந்தாளி வந்திருக்கும்போது மௌனமா இருக்கக் கூடாது. விதி."

அவள் பாவம், திரும்பிப் போய்க் கையைத் தூக்கித் தாளம் கொடுத்தாள். அழுதுகொண்டே கொடுத்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

ஆட்டம் சமனிலேயே நின்று பெனால்டிக்குப் போனது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடித்து, கடைசியில் எங்கள் அணித்தலைவியின் ஒரே ஒரு அடி பாக்கி. போட்டால் சமன், விட்டால் கோப்பை போச்சு. கேலரி உயிரைக் கொடுத்துக் கத்தியது. நாலாயிரம் பேர் இடது, இடது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்தான் பந்தை வலது பக்கம் அடிப்பாள்? இடது பக்கம்தான் அடித்தாள். கீப்பர் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டு எழுந்தாள்.

எங்களிடம் தோல்விக்கென்றும் ஒரு கோஷம் முத்திரையோடு இருக்கிறது. வெகு காலமாகப் பயன்படாததால் யாருக்கும் வரிகள் சரியாக ஞாபகமில்லை. "வென்றவர் வாழ்க" என்று தொடங்கி நாலாயிரம் பேரும் நாலாயிரம் விதமாக முணுமுணுத்தார்கள். ஒழுக்கத்துறைச் சாமி என் பக்கம் திரும்பினார்.

"அந்த இடது கை கோஷத்துக்கு முத்திரை குத்தினது நம்ம பஞ்சுதானே?"

"ஆமா சாமி."

"விதிப்படி இதுல தப்பு ஏதாவது இருக்கா?"

"இல்ல சாமி."

"அதான் கஷ்டமா இருக்கு" என்றார் சாமி.

பரிசு கொடுத்து முடிக்கும் முன்பே பஞ்சு சார் நழுவி ஆபீஸுக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே வந்தேன். அவர் மேஜையில் உட்கார்ந்து, ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மூட முயன்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஆணிவைத்த ஷூ சத்தம் கேட்டது. மகள் மண்ணும் வேர்வையுமாகக் கதவருகே வந்து நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தாள், நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

"அத யாரு எழுதினது?" என்றாள்.

"அது வந்தும்மா, பிள்ளைங்க ஒண்ணு எழுதிக் குடுத்திருந்தாங்க, அத வச்சுப் பொதுவா..."

சொல்லிக்கொண்டே போனவர் அந்த வார்த்தையில் நின்றுவிட்டார். அவள் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"நான்தான்" என்றார்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"வந்து பார்த்திருக்கேன். நிறைய தடவ. வலைக்குப் பின்னாடி நிப்பேன்."

"வந்துட்டு ஏன்ப்பா கூப்பிடல?"

"பயமா இருந்துச்சு."

இத்தனை சின்ன வாக்கியங்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. கையுறையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டாள். பிறகு, மாணவர்கள் தாள் நீட்டும்போது நிற்கிற இடத்தில் வந்து நின்று கேட்டாள்.

"இன்னிக்கு எப்படி ஆடினேன்?"

சிறப்பு, பாராட்டத்தக்கது, சில இடங்களில் என்று அவர் ஆரம்பித்தால் அந்தத் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மொத பாதி கேவலமா ஆடின," என்றார். "அந்த கோல நீ விட்டிருக்கவே கூடாது. ரெண்டாவது பாதியில நான் அழுதுட்டேன்."

அவள் தடாலென்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம். விடுதிச் சாவிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"கேவலம்னா எங்கெங்க?" என்றாள். "ஒண்ணொண்ணா சொல்லுங்கப்பா."

அவர் தயங்கித் தயங்கி முதல் பாதியிலிருந்து ஆரம்பித்தார். வெளியே அவர்களுடைய பஸ் ஹாரன் அடித்தது. அவர் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அது அடிக்கட்டும்" என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க."